'அங்கிள் டொம்' என்று ஏசுபவர்கள் வாசிக்காத புத்தகம்

2020 டிசம்பர் மாதம். கொவிட் தொற்றினால் மரணித்தவர்களின் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டுக் கொண்டிருந்த நாட்கள். பொரளை கனத்தை மயான வேலியில் கட்டப்பட்ட வெள்ளைத் துணி நாட்டின் பல ஊர்களுக்கும் பரவிக்கொண்டிருந்தது. அந்த ஆத்திரத்தில் நானும் முகநூலில் நிறைய எழுதினேன். அப்படி எழுதியவற்றில் ஒன்றில், எங்கள் ஊரின் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் ஒருவரை 'அங்கிள் டொம்' என்று குறிப்பிட்டேன். பெயர் போடவில்லை. ஆனால் யாரைச் சொல்கிறேன் என்பது ஊரில் எல்லோருக்கும் விளங்கியது.

அவர் எனக்கும் இரண்டு வருடம் படிப்பித்தவர். அவர் செய்த 'குற்றம்' இதுதான்: கோஷம் போடுவதோடு நின்றுவிடாமல் அதிகாரிகளோடு உட்கார்ந்து பேச வேண்டும், விஞ்ஞான ரீதியான கருத்துகளைத் திரட்டி மரியாதையாக எழுதிக் கொடுக்க வேண்டும் என்று பள்ளிவாசல் கூட்டமொன்றில் சொன்னார். எனக்கு அது கும்பிடு போடுவதாகப் பட்டது. அமெரிக்கக் கறுப்பின மக்கள், வெள்ளையனுக்கு வால் பிடிக்கும் தம் இனத்தானை 'அங்கிள் டொம்' என்று அழைப்பார்கள் என்பதை முஹம்மத் அலி பற்றிய ஒரு காணொளியில் கேட்டிருந்தேன். அந்தச் சொல் கைவசம் இருந்தது, தூக்கி எறிந்தேன். நிறையப் பேர் லைக் போட்டார்கள்.

சில நாள் கழித்து லுஹர் தொழுதுவிட்டு வெளியே வரும்போது அவரே என்னிடம் வந்தார். ஸலாம் சொன்னார். "தம்பி, அந்தப் புத்தகத்த வாசிச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். "இல்ல சேர்" என்றேன். "சரி" என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த வெள்ளிக்கிழமை அவருடைய பேரன் ஒரு பழைய புத்தகத்தைக் கொண்டுவந்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போனான். 'அங்கிள் டொம்ஸ் கெபின்', அதாவது டொம் மாமாவின் குடிசை.

அதை வாசித்து முடிக்க எனக்கு இரண்டு மாதம் சென்றது. வாசித்த பின்னர், அந்தப் புத்தகத்தை மற்றவர்கள் எப்படி வாசித்தார்கள் என்று தேடப் போய், அதிலேயே இன்னும் பல மாதங்கள் கழிந்தன. ஒரு நாவலுக்கு வாசகர்கள் என்னவெல்லாம் செய்ய முடியும் என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் உலகில் இருக்குமா என்பது சந்தேகமே.

முதலில் புத்தகத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எழுதியவர் ஹரியட் பீச்சர் ஸ்டோவ். 1811இல் கனெக்டிகட் மாநிலத்தில், ஒரு கிறிஸ்தவ போதகரின் மகளாகப் பிறந்த வெள்ளையினப் பெண். ஏழு பிள்ளைகளின் தாய். ஏறத்தாழ பதினெட்டு வருடங்கள் சின்சினாட்டி நகரில் வாழ்ந்தார். ஒஹையோ ஆற்றின் இந்தக் கரையில் சின்சினாட்டி, அடிமைத்தனம் இல்லாத பூமி. அந்தக் கரையில் கென்டக்கி, அடிமைகளை விற்று வாங்கும் பூமி. ஆற்றைக் கடந்து தப்பி வந்தவர்களின் கதைகளை அவர் நேரில் கேட்டார். 1849இல் கொலரா நோய்க்குத் தன் கைக்குழந்தையைப் பறிகொடுத்தார். பிள்ளையை விலைக்கு விற்றுப் பிரித்துக் கொண்டுபோகும்போது ஒரு அடிமைத் தாய்க்கு எப்படி இருக்கும் என்பது தனக்கு அந்த மரணத்தில்தான் விளங்கியது என்று பின்னாளில் எழுதியிருக்கிறார்.

1850இல் அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு சட்டம் நிறைவேற்றியது. தப்பியோடிய அடிமைக்கு உதவி செய்பவர் வடக்கு மாநிலத்தவராக இருந்தாலும் ஆயிரம் டொலர் வரை அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் அனுபவிக்க நேரிடும் என்றது அந்தச் சட்டம். பசியோடு கதவைத் தட்டுபவனுக்குச் சோறு கொடுப்பதும் குற்றம். அந்தக் கோபத்தில் ஸ்டோவ் எழுதத் தொடங்கினார். வொஷிங்டனிலிருந்து வெளிவந்த 'நெஷனல் இரா' என்ற வாரப் பத்திரிகையில் 1851 ஜூன் முதல் 1852 ஏப்ரல் வரை தொடராக வந்தது. தொடர் முடிவதற்கு முன்பே, 1852 மார்ச் 20ஆம் திகதி, பொஸ்டனில் நூலாகவும் வெளிவந்தது.

கதை இதுதான். கென்டக்கியில் ஷெல்பி என்ற பண்ணைக்காரர் கடனில் மாட்டிக்கொள்கிறார். கடனைத் தீர்க்க இரண்டு பேரை விற்கிறார். ஒருவர் டொம். மற்றது எலைசா என்ற அடிமைப் பெண்ணின் சின்ன மகன். எலைசா அன்றிரவே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, பனிக்கட்டிகள் மிதக்கும் ஒஹையோ ஆற்றைத் தாவித் தாவிக் கடந்து தப்புகிறாள். டொம் தப்பவில்லை. தான் ஓடிவிட்டால் அந்தப் பண்ணையில் இருக்கும் மற்ற எல்லோரையும் விற்றுவிடுவார்கள் என்பது அவருக்குத் தெரியும். அவர் தெற்கே கொண்டு செல்லப்படுகிறார். நியூ ஓர்லியன்ஸில் சற்று இரக்கமுள்ள ஓர் எஜமானிடம் சில காலம். அந்த எஜமான் விடுதலைப் பத்திரம் எழுதித் தருவதாகச் சொல்லி, எழுதுவதற்கு முன்பே இறந்துபோகிறார். கடைசியில் லூசியானாவின் பருத்தித் தோட்டமொன்றில் சைமன் லெக்ரீ என்ற கொடூரனிடம் விலைபோகிறார்.

லெக்ரீ, டொமைக் கங்காணி போல ஆக்க நினைக்கிறான். ஓர் அடிமைப் பெண்ணைச் சாட்டையால் அடிக்கும்படி கட்டளையிடுகிறான். டொம் மறுக்கிறார். அதற்காக அவரே அடி வாங்குகிறார். பிறகு காஸி, எமலின் என்ற இரண்டு பெண்கள் லெக்ரீயிடமிருந்து தப்பிச் செல்கிறார்கள். தப்பிச் செல்லும்படி காஸியைத் தூண்டியவரே டொம்தான். அவர்கள் எங்கே ஒளிந்திருக்கிறார்கள் என்று லெக்ரீ கேட்கிறான். தனக்குத் தெரியும் என்பதை டொம் மறைக்கவில்லை, சொல்லத்தான் மறுக்கிறார். அடித்தே கொல்கிறார்கள்.

இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். யாரைக் 'காட்டிக் கொடுப்பவன்' என்பதற்கு அடையாளமாக நான் பயன்படுத்தினேனோ, அந்த மனிதர் காட்டிக் கொடுக்க மறுத்ததற்காக உயிரை விட்டவர். இன்னொன்று. 'அங்கிள் டொம்' என்றவுடன் நம் மனதில் வருவது நரைத்த தலையோடு, கூன் விழுந்து, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு சிரிக்கும் ஒரு கிழவர். நாவலில் டொம் அகன்ற மார்பும் பலமான உடலும் கொண்ட, நடுவயதைத் தாண்டாத மனிதர். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள், ஒன்று கைக்குழந்தை.

அப்படியென்றால் அந்தக் கிழவர் எங்கிருந்து வந்தார்?

அதைச் சொல்வதற்கு முன், முதல் வாசகர்கள். அமெரிக்காவில் முதல் வருடத்திலேயே சுமார் 3 இலட்சம் பிரதிகள் விற்றன. அப்போது அந்த நாட்டின் சனத்தொகை இரண்டு கோடி சொச்சம்தான், அதிலும் முப்பது இலட்சத்துக்கு மேற்பட்டோர் எழுத்தறிவு மறுக்கப்பட்ட அடிமைகள். பிரித்தானியாவில் பத்து இலட்சத்துக்கும் மேல் போனது. சர்வதேசப் பதிப்புரிமைச் சட்டம் இல்லாத காலம் என்பதால் லண்டன் பதிப்பாளர்கள் ஆளாளுக்கு அச்சடித்தார்கள். அடிமைத்தனத்தை ஒழிக்கக் கோரி அமெரிக்கப் பெண்களை விளித்து பிரித்தானியப் பெண்கள் ஐந்து இலட்சத்துக்கும் அதிகமானோர் கையொப்பமிட்ட மகஜர் ஒன்று, 26 பெரிய தொகுதிகளாகக் கட்டப்பட்டு ஸ்டோவிடம் கையளிக்கப்பட்டது. ரஷ்யாவில் டோல்ஸ்டோய், உயர்ந்த கலைக்கான உதாரணங்களில் ஒன்றாக இந்த நாவலைக் குறிப்பிட்டார். சீனாவில் 1901இல் லின் ஷு என்பவர் இதை மொழிபெயர்த்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது, நண்பர் வாசித்துச் சொல்லச் சொல்ல எழுதினார். அமெரிக்காவில் அப்போது சீனக் கூலிகள் பட்ட பாட்டைத்தான் அவர் டொமின் கதையில் கண்டார். 1907இல் டோக்கியோவிலிருந்த சீன மாணவர்கள் அதை மேடையேற்றினார்கள். நவீன சீன நாடகத்தின் ஆரம்பங்களில் ஒன்றாக இன்றும் அது பேசப்படுகிறது.

தென் மாநிலங்களில் நிலைமை வேறு. புத்தகம் பொய் என்றார்கள். எங்கள் அடிமைகள் சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று காட்டுவதற்காகவே பதில் நாவல்கள் எழுதப்பட்டன. 1852ஆம் ஆண்டிலேயே 'ஓன்ட் ஃபிலிஸ்'ஸ் கெபின்' என்று ஒன்று வந்துவிட்டது. தலைப்பிலேயே போட்டி. இப்படி இருபதுக்கும் மேற்பட்ட நாவல்கள் வந்தன, இன்று ஆய்வாளர்களைத் தவிர அவற்றை யாரும் தொடுவதில்லை. 'பொய்' என்ற குற்றச்சாட்டுக்குப் பதிலாக ஸ்டோவ் 1853இல் இன்னொரு புத்தகம் வெளியிட்டார். நீதிமன்றத் தீர்ப்புகள், பத்திரிகைகளில் வந்த அடிமை விற்பனை விளம்பரங்கள், தப்பி வந்தோரின் வாக்குமூலங்கள் என்று ஆதாரங்களை அடுக்கினார்.

வாசகர்களில் என்னை அதிகம் பாதித்தவர் சாமுவேல் கிரீன். மேரிலண்ட் மாநிலத்தில் வாழ்ந்த கறுப்பினத்தவர். அடிமையாகப் பிறந்து சுதந்திரம் பெற்றவர், மெதடிஸ்ட் போதகர். அவருடைய மகன் 1854இல் கனடாவுக்குத் தப்பிச் சென்றிருந்தார். 1857இல் அந்தப் பகுதியிலிருந்து சில அடிமைகள் தப்பிச் சென்றபோது, கிரீன் உதவியிருப்பார் என்ற சந்தேகத்தில் அவருடைய வீட்டைச் சோதனையிட்டார்கள். கனடாவின் வரைபடம் ஒன்று, ரயில் நேர அட்டவணை, மகனிடமிருந்து வந்த கடிதம், 'அங்கிள் டொம்ஸ் கெபின்' ஒரு பிரதி. இவ்வளவுதான் கிடைத்தன. வரைபடத்தையும் கடிதத்தையும் வைத்து அவரைக் குற்றவாளியாக்க முடியவில்லை. நாவலை வைத்து முடிந்தது. அடிமைகளைத் தூண்டிவிடக்கூடிய எழுத்தை வைத்திருக்கும் சுதந்திரக் கறுப்பினத்தவருக்குக் குறைந்தது பத்து வருடச் சிறை என்று மேரிலண்டில் சட்டமிருந்தது. அதே புத்தகம் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரரின் அலுமாரியில் இருந்தால் அந்தச் சட்டம் அவரைத் தொடாது. பத்து வருடம் விதித்தார்கள். ஐந்து வருடம் கழித்து, உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1862இல், மாநிலத்தை விட்டு வெளியேற வேண்டும் என்ற நிபந்தனையோடு விடுதலை செய்தார்கள்.

ஒரு நாவலை வீட்டில் வைத்திருந்ததற்காக ஐந்து வருடம் உள்ளே இருந்த மனிதர். 2019 ஏப்ரலுக்குப் பிறகு அரபு எழுத்து இருந்தால் என்ன வருமோ என்று பயந்து, வீட்டிலிருந்த கிதாபுகளைப் பழைய சாக்கில் கட்டி மறைத்து வைத்தவர்களை நான் அறிவேன். அவர்களுக்கு சாமுவேல் கிரீனை அறிமுகப்படுத்த அதிக நேரம் எடுக்காது.

கறுப்பின வாசகர்கள் எல்லோரும் ஒரே குரலில் பேசினார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். இதுதான் எனக்கு மிகவும் சுவாரசியமாக இருந்த பகுதி. தானே அடிமையாக இருந்து தப்பி வந்த ஃப்ரெடரிக் டக்ளஸ் இந்த நாவலை மனதார வரவேற்றார். அது நெருப்பு மூட்டியது, பயன் தந்தது என்பது அவருடைய கணக்கு. மார்ட்டின் டிலேனி எதிர்த்தார். எங்களைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒரு வெள்ளைப் பெண்மணியிடம் எங்கள் விடயத்தை ஒப்படைக்கலாமா என்று 1853இல் டக்ளஸின் சொந்தப் பத்திரிகைக்கே எழுதினார். டக்ளஸ் அதைப் பிரசுரித்துப் பதிலும் எழுதினார். இருவரும் பழைய நண்பர்கள், ஒரு காலத்தில் சேர்ந்து பத்திரிகை நடத்தியவர்கள். ஒருவரையொருவர் துரோகி என்று அழைக்கவில்லை. வில்லியம் அலன் என்ற கறுப்பினப் பேராசிரியர், டொமிடம் பக்தி தேவைக்கு அதிகமாகிவிட்டது என்றார். வெள்ளையரான வில்லியம் லொய்ட் காரிசன் தன்னுடைய 'லிபரேட்டர்' பத்திரிகையில் கேட்ட கேள்வி இன்னும் கூர்மையானது. கறுப்பன் அடித்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும், வெள்ளையன் அடித்தால் திருப்பி அடிக்கலாம் என்று இரண்டு சட்டமா இருக்கிறது என்று கேட்டார். அமெரிக்கா தன் சுதந்திரத்தை ஆயுதமேந்தித்தானே பெற்றது.

நாவல் வந்து சில மாதங்களுக்குள்ளேயே, அதன் பிற்கால வாதங்கள் எல்லாவற்றையும் முதல் வாசகர்களே பேசிவிட்டார்கள் என்றுதான் தோன்றுகிறது.

இனி அந்தக் கிழவரிடம் வருவோம். புத்தகத்தை வாசித்தவர்களை விட, அதை மேடையில் பார்த்தவர்கள் பல மடங்கு அதிகம். 1852 செப்டெம்பரிலேயே நியூயோர்க் மாநிலத்தின் ட்ரோய் நகரில் ஒரு நாடகம் தொடங்கியது. நாடகமாக்க ஸ்டோவிடம் யாரும் அனுமதி கேட்கத் தேவையிருக்கவில்லை, அவருக்கு ஒரு சதமும் போய்ச் சேரவில்லை. சில நாடகங்கள் மூலக்கதைக்கு விசுவாசமாக இருந்தன. ஆனால் காலம் செல்லச் செல்ல 'டொம் ஷோ' என்பது ஊர் ஊராகக் கூடாரம் அடிக்கும் சர்க்கஸ் போல ஆனது. வெள்ளை நடிகர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு டொமாக நடித்தார்கள். எலைசாவை ஆற்றின் மேல் துரத்தும் வேட்டை நாய்கள் எல்லோருக்கும் பிடித்த காட்சியாகின. நாவலின் அந்தக் காட்சியில் நாய்களே கிடையாது. ஒரு நாடகத்தில் டொம் சாகாமல் சுபமாக முடித்துவிட்டார்கள். சாட்டையடிக்கு மறுத்த பலசாலியான மனிதர் மேடையில் மெல்ல மெல்ல நரைத்தார், கூன் விழுந்தார், எஜமானைக் கண்டால் தலை சொறிந்து சிரித்தார். சிரிக்க வந்த வெள்ளைப் பார்வையாளர்களுக்கு அந்த டொம்தான் தேவைப்பட்டார். ஏறத்தாழ எண்பது வருடங்கள் இது நடந்தது.

அப்படியான ஒரு நாடகத்தைப் பார்த்துவிட்டுத்தான் தோமஸ் டிக்சன் என்ற தென் மாநிலத்தவர், தெற்கை அவமதித்துவிட்டார்கள் என்று கொதித்துப் போய் 1902இல் ஒரு பதில் நாவல் எழுதினார். பிறகு இன்னொன்று. அந்த இரண்டாவது நாவலே 1915இல் 'த பேர்த் ஒஃப் எ நேஷன்' என்ற திரைப்படமாகி, கு கிளக்ஸ் கிளான் என்ற கொலைகாரக் கூட்டத்தை வீரர்களாகக் காட்டியது. அதே வருடம் அந்தக் கூட்டம் மீண்டும் உயிர் பெற்றது. நாவலின் இறுதியில் நல்லவர்கள் வென்றுவிட்டார்கள், யுத்தம் வந்து அடிமைத்தனம் ஒழிந்துவிட்டது என்று கதை சொல்பவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டுவதில்லை. ஆபிரகாம் லிங்கன், இந்தப் பெரிய யுத்தத்தை ஆரம்பித்த சின்னப் பெண் நீங்கள்தானா என்று ஸ்டோவிடம் கேட்டதாக ஒரு கதையும் உலவுகிறது. இருவரும் 1862இல் சந்தித்தது உண்மை. அந்த வசனத்துக்கு அந்தக் காலத்து ஆதாரம் எதுவும் இல்லை, பல பத்து வருடங்கள் கழித்தே அச்சில் வந்தது.

முதலாம் உலக யுத்தத்துக்குப் பின் வளர்ந்த புதிய கறுப்பினத் தலைமுறை, மேடையில் கண்ட டொமைத்தான் அறிந்திருந்தது. மார்கஸ் கார்வியின் இயக்க மேடைகளில் 'அங்கிள் டொம்' வசைச் சொல்லாக ஒலிக்கத் தொடங்கியது. 1949இல் ஜேம்ஸ் போல்ட்வின் பரிஸில் இருந்துகொண்டு எழுதிய கட்டுரை, நாவலின் மீதே நேரடித் தாக்குதல். அவர் நாவலை வாசிக்காதவர் அல்ல, சிறுவயதில் திரும்பத் திரும்ப வாசித்தவர். கண்ணீர் சிந்த வைக்கும் இந்த மிகையான உணர்ச்சி, உண்மையான மனிதனைப் பார்க்க மறுக்கும் ஒரு வகைக் கொடூரம்தான் என்பது அவருடைய வாதம். டொமைப் புனிதராக்குவதற்காக ஸ்டோவ் அவரை முழு மனிதராக இருக்கவிடவில்லை என்றார்.

மல்கம் எக்ஸ் பற்றி நான் அறிந்தபோது உண்மையில் வியந்தேன். மார்ட்டின் லூதர் கிங்கை அவர் அங்கிள் டொம் என்று சாடியது பலருக்கும் தெரியும். ஆனால் தன்வரலாற்றில், சிறையில் வாசிப்புக்குள் மூழ்கிய நாட்களைச் சொல்லும்போது, 'அங்கிள் டொம்ஸ் கெபின்' வாசித்ததைக் குறிப்பிட்டு, தீவிர வாசிப்புத் தொடங்கிய பின் தான் வாசித்த ஒரே நாவல் அதுவாகத்தான் இருக்கும் என்கிறார். அடிமைத்தனத்தின் கொடுமையை அவருக்குக் காட்டிய நூல்களில் அதுவும் ஒன்று. புத்தகம் ஒரு பக்கம் அவருக்கு உதவியது, அந்தப் பெயர் இன்னொரு பக்கம் அவர் கையில் கல்லாக இருந்தது.

முஹம்மத் அலியிடம் வருகிறேன், என் தவறு அங்கிருந்துதானே தொடங்கியது. தன் புதிய பெயரை ஏற்க மறுத்து 'க்ளே' என்றே அழைத்துக்கொண்டிருந்த ஏர்னி டெரலை அலி அங்கிள் டொம் என்றார். 1967 பெப்ரவரியில் ஹூஸ்டனில் நடந்த போட்டியில் தன் பெயர் என்னவென்று கேட்டுக் கேட்டு அடித்தார். அந்தக் காட்சியை எம்மில் பலர் பெருமையோடு பகிர்ந்திருக்கிறோம். ஒருவரின் பெயரை மறுப்பது சிறிய விடயம் அல்ல, அலியின் கோபத்தில் நியாயம் இருந்தது.

ஜோ ப்ரேசியர் விடயத்தில் அந்த நியாயம் இருக்கவில்லை. வியட்நாம் யுத்தத்துக்குச் செல்ல மறுத்ததற்காக அலியின் உரிமம் பறிக்கப்பட்டு, மூன்றரை வருடங்கள் வளையத்துக்குள் இறங்க முடியாமல் இருந்தபோது, அவருக்குப் பணம் கொடுத்து உதவியவர்களில் ப்ரேசியரும் ஒருவர். அலிக்கு மீண்டும் அனுமதி கொடுங்கள் என்று பேசியவர். தென் கரோலைனாவில் குத்தகை நிலத்தில் பாடுபட்ட ஏழைக் குடும்பத்துப் பிள்ளை. அலியை விட அவர் எந்த விதத்திலும் 'வெள்ளையருக்கு நெருக்கமானவர்' அல்ல. அப்படியிருந்தும் 1971 மார்ச் 8ஆம் திகதி நடந்த போட்டிக்கு முன் அலி அவரை ஊர் அறிய அங்கிள் டொம் என்று அழைத்தார். டிக்கெட் விற்க அது உதவியிருக்கலாம். ப்ரேசியரின் பிள்ளைகள் பாடசாலையில் அதற்காகச் சீண்டப்பட்டார்கள். போட்டியில் ப்ரேசியர் வென்றார், ஆனால் அந்தச் சொல் அவரை விட்டுப் போகவில்லை. 2001இல் அலி நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகை வாயிலாக, தான் சொல்லியிருக்கக் கூடாதவற்றைச் சொல்லிவிட்டதாக வருத்தம் தெரிவித்தார். இடையில் முப்பது வருடங்கள். 2011இல் ப்ரேசியர் இறந்தபோது, பார்கின்சன் நோயால் தளர்ந்திருந்த அலி ஃபிலடெல்பியாவுக்கு வந்து இறுதிக் கிரியையில் கலந்துகொண்டார்.

என் பதிவையும் யாராவது அந்த ஆசிரியரின் பேரனுக்குக் காட்டியிருப்பார்கள். புத்தகத்தைக் கொண்டு வந்து தந்த அதே பையனுக்கு.

இந்தத் தேடலில் தற்செயலாகக் கண்ட ஒருவரைச் சொல்லாமல் விட முடியாது. நாவல் வெளிவந்து அமெரிக்கா முழுவதும் டொமுக்காக அழுதுகொண்டிருந்த 1852ஆம் ஆண்டில், வட கரோலைனாவில் எண்பது வயதைத் தாண்டிய ஒரு முஸ்லிம் அடிமை உயிரோடு இருந்தார். உமர் இப்னு ஸஈத். இன்றைய செனகல் நாட்டின் ஃபூட்டா டோரோ பகுதியில் பிறந்து, பல வருடங்கள் மார்க்கக் கல்வி கற்றவர். 1807இல் பிடிக்கப்பட்டு சார்ள்ஸ்டன் துறைமுகத்தில் விற்கப்பட்டார். கொடிய எஜமானிடமிருந்து தப்பியோடிப் பிடிபட்டு, சிறைச் சுவரில் அரபியில் எழுதினார். அந்த எழுத்தைப் பார்க்கவே கூட்டம் கூடியது. 1831இல் தன் வாழ்க்கையை அரபியில் எழுதினார். ஸூரத்துல் முல்க்கோடு அது தொடங்குகிறது. ஆட்சி முழுவதும் யாருடைய கையில் இருக்கிறது என்று சொல்லும் ஸூராவை, தன்னை ஒருவன் சொத்தாக வைத்திருக்கும் வீட்டிலிருந்து எழுதினார்.

அவருடைய எஜமானின் வட்டத்தார் அவரை எப்படி அழைத்தார்கள் தெரியுமா? 'அங்கிள் மோரோ'. சாந்தமானவர், விசுவாசமானவர், கிறிஸ்தவராகிவிட்டவர் என்று பத்திரிகைகள் எழுதின. அவர் வைத்திருந்த அரபு பைபிளில் அல்லாஹ்வைப் புகழ்ந்து அவர் கைப்பட எழுதிய வரிகள் இருப்பதைப் பிற்கால ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினார்கள். அவரைச் சுற்றியிருந்தவர்களில் எவருக்கும் அதை வாசிக்கத் தெரியவில்லை. 1860களில், அடிமைத்தனம் சட்டப்படி ஒழிவதற்குச் சற்று முன், அடிமையாகவே மரணித்தார். அந்தக் கையெழுத்துப் பிரதி இன்று அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் இருக்கிறது, இணையத்தில் யாரும் பார்க்கலாம். ஃபயட்வில் நகரில் அவர் பெயரில் ஒரு பள்ளிவாசல் இருக்கிறது.

ஸ்டோவின் நாவலில் இப்படி ஒருவருக்கு இடமில்லை. இது அந்த நாவலின் குறைகளில் ஒன்று, ஒரே குறை அல்ல. ஆபிரிக்கர்கள் இயல்பிலேயே சாதுவானவர்கள், பாட்டும் பக்தியும் அவர்கள் இரத்தத்தில் ஊறியது என்ற தோரணையில் அவர் எழுதும் பக்கங்களை வாசிக்கக் கூச்சமாக இருக்கிறது. நிறம் வெளுத்த கலப்பினத்தவரான எலைசாவும் அவளுடைய கணவன் ஜோர்ஜும் துணிந்து தப்புகிறார்கள், கன்னங்கறுத்த டொம் பொறுத்துச் சாகிறார். இந்தப் பங்கீடு தற்செயலானதல்ல. இறுதியில் ஜோர்ஜின் குடும்பத்தை ஆபிரிக்காவின் லைபீரியாவுக்கு அனுப்பிவிடுகிறார். 'உங்கள் நாட்டுக்குப் போங்கள்' என்பதை நல்ல மனதோடு சொன்னாலும் கேட்பவனுக்கு எப்படி இருக்கும் என்று எமக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. பிரசங்கங்கள் நீளம். சில அத்தியாயங்களை நான் தாண்டித் தாண்டித்தான் போனேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் லெக்ரீயின் தோட்டத்துக்குள் கதை நுழைந்த பிறகு கையிலிருந்து வைக்க முடியவில்லை.

கனடாவின் ஒன்டாரியோவில், ஜொசையா ஹென்சன் என்ற தப்பிவந்த அடிமையின் வீடு ஓர் அரும்பொருட்காட்சியகமாக இருக்கிறது. ஸ்டோவ் தன் டொமுக்கு ஆதாரமாகக் காட்டியவர்களில் ஒருவர். உண்மையில் இவர் மனைவி பிள்ளைகளோடு தப்பி வந்து, மற்றவர்களுக்கும் உதவி, ஒரு குடியேற்றத்தையும் பாடசாலையையும் உருவாக்கியவர். நீண்ட காலம் அந்த இடம் 'அங்கிள் டொம்ஸ் கெபின்' என்றே அழைக்கப்பட்டு வந்தது. 2022இல் பெயரை மாற்றி, ஹென்சனின் சொந்தப் பெயரையே வைத்தார்கள்.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கச் சென்றபோது ஜனாஸாக்களை அடக்க அனுமதி கிடைத்து, ஓட்டமாவடியில் அடக்கங்கள் தொடங்கியிருந்தன. பதிவை நீக்கிவிட்டேன், தவறு என்று அதே இடத்தில் எழுதியும் விட்டேன் என்று சேரிடம் சொன்னேன். அதற்கு அவர் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. தேநீர் வந்தது. நான் டொமைப் பற்றி உணர்ச்சியோடு பேசத் தொடங்கினேன். அவர் இடையில் நிறுத்தினார்.

"எனக்கு டொமைப் பெரிசா புடிக்காது தம்பி," என்றார். "ஜோர்ஜ்தான் எண்ட ஆள். துவக்கோட பாறையில நிண்டு, பிடிக்க வந்தவன்கள மறிப்பானே, அந்த இடம். அத வாசிச்சீங்களா, இல்லாட்டி அதையும் தாண்டிட்டீங்களா?"

அந்த அத்தியாயத்தை நான் தாண்டியிருந்தேன். புத்தகம் மறுபடியும் என்னிடம்தான் இருக்கிறது.